நல்ல மரபணுவும் கெடுதல் செய்யும்!

மரபணுவில் பிழை வந்தால் நோய் வரும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். பிழையே இல்லாத மரபணு, ஒரு பிரதி கூடுதலாக இருந்தால்? அதுவும் மூளையை அழிக்கும். இதை நிரூபிக்க 140 வருடம் ஆனது.

1866-இல் இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பக மருத்துவர் ஜான் லாங்டன் டவுன், இந்தக் குறைபாடு உள்ளவர்களைத் தனி வகையாக விவரித்தார். முகச்சாயலை வைத்து 'மங்கோலியர்' என்று அவர் சூட்டிய அசிங்கமான பெயர் நூறு வருடம் நிலைத்தது! காரணம் 1959-இல் பாரிஸில் வெளியானது. 46 குரோமோசோம்களுக்குப் பதில் 47. அதாவது 21-ஆவது குரோமோசோம் மூன்று. கட்டுரையில் முதல் பெயர் ஜெரோம் லெஜூன். அதற்கான செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டிய மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவரின் பெயர் இரண்டாவதாக, அதுவும் எழுத்துப்பிழையோடு அச்சானது. (எனக்கு இன்னும் ஆறவில்லை.)

மூன்று பிரதி இருந்தால் பல மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை செய்யும். ஆனால் அங்கே இருநூறுக்கும் மேல் மரபணுக்கள். எதைக் குற்றம் சொல்வது?

துப்பு அல்சைமர் நோயிலிருந்து கிடைத்தது. டவுன் உள்ளவர்களுக்கு நாற்பது வயதுக்குள் மூளையில் அதே மாதிரி படிவுகள் வந்துவிடுகின்றன. 1984-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னரும் வாங்கும் அல்சைமர் மூளையிலிருந்து அமிலாய்டு பீட்டாவைப் பிரித்தார்கள். டவுன் மூளையிலும் அதுவே இருந்தது. அப்படியானால் மரபணு 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்கும் என்று கணித்தார்கள். 1987-இல் ஏபிபி என்ற அந்த மரபணு அங்கேயே அகப்பட்டது!

மற்ற மரபணுக்கள் காரணமாக இருக்கலாமே என்பீர்கள். 1998-இல் 78 வயதான ஒரு டவுன் பெண்மணி பற்றிய கட்டுரை வந்தது. அவருக்கு ஏபிபி இரண்டு பிரதிதான், அல்சைமர் வரவில்லை. 2006-இல் பிரான்சில் சில குடும்பங்களில் இதற்கு நேர் எதிர். டவுன் இல்லை, ஏபிபி மட்டும் மூன்று பிரதி, இளவயதிலேயே அல்சைமர். இதற்கு நடுவே 2003-இல் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் பார்க்கின்சன் நோயிலும் இதே கதை: ஆல்ஃபா சைனியூக்ளின் மரபணுவில் பிழையில்லை, பிரதிகள்தான் அதிகம்.

1983-இல் அமெரிக்காவில் டவுன் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 25. இன்று பலர் அறுபதைத் தொடுகிறார்கள், அதனால் அல்சைமர்தான் அவர்களின் பெரிய எமன். ஆனால் 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனிமாப் என்ற அமிலாய்டு மருந்தின் முக்கியச் சோதனையில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுடைய மூளை இரத்தக்குழாய்களிலும் அமிலாய்டு அதிகம், கசிவு வரலாம் என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயம் சரியா என்று அவர்களை வைத்துத்தானே சோதிக்க முடியும்?