நூதனசாலைகளிற் படிந்த நஞ்சு

நூதனசாலைகளுக்குக் கள்வரினும் பெரும் பகையாக இருந்துவந்தவை பூச்சிகளாகும். தோல், இறகு, உரோமம், மரம் ஆகியவற்றாலான பொருள்களை அந்துப்பூச்சியும் வண்டும் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடும். ஒக்ஸ்போட்டில் வைக்கப்பெற்றிருந்த டோடோப் பறவையின் உடலில் இன்று எஞ்சியிருப்பவை தலையும் ஒரு பாதமுமே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வழிவுக்கு மாற்றுக் கண்டவர் பிரான்சின் மெற்ஸ் நகரில் மருந்து வணிகராக விளங்கிய பெக்கேர் என்பார். சவர்க்காரம், கற்பூரம், சுண்ணாம்பு முதலியவற்றோடு வெள்ளைப் பாடாணத்தைக் கலந்து அவர் ஆக்கிய குழம்பைத் தோலின் உட்புறத்திற் பூசியபோது பூச்சிகள் அணுகவில்லை. செய்முறையை அவர் மறைவாகவே வைத்திருந்தார். அவர் 1777இல் மறைந்தபின், 1803இல் டியூபிரேன் என்பவர் அதனை அச்சில் வெளியிட, ஐரோப்பிய நூதனசாலைகள் பலவும் அதனைக் கைக்கொண்டன. உலர்த்திய தாவரங்களுக்குச் சித்த மருத்துவ நூலார் சவ்வீரம் என வழங்கும் இரச உப்புப் பூசப்பட்டது. பின்னர் நத்தலீன் வந்தது. பூச்சிகொல்லும் ஆற்றல் 1939இல் அறியப்பட்ட டி.டி.ரி.யும் அவற்றோடு சேர்ந்தது.

பொருள்களைக் காத்தவர்களைக் குறைகூறுதல் எளிது. அந்நஞ்சு இல்லையேல் இன்று ஆராய்வதற்குப் பல பொருள்கள் எஞ்சியிரா. ஆயினும் அவர்தம் செயலின் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருந்தது. நூதனசாலையுட் புகுந்த பொருள் மீண்டும் எவர் உடலையும் தீண்டாது, கண்ணாடிக்குப் பின்னாற் காட்சிக்கு மட்டுமே உரியது என்பதே அவ்வெண்ணமாகும். எப்பொருளுக்கு எந்த நஞ்சை, எத்தனை முறை இட்டோம் என்பதைப் பலர் எழுதிவையாமைக்கும் அதுவே காரணம் எனலாம்.

அவ்வெண்ணம் ஐக்கிய அமெரிக்காவிற் பொய்த்தது. பழங்குடியினரின் முன்னோர் எச்சங்களையும் புனிதப் பொருள்களையும் அவர்களிடமே திருப்பியளிக்க வகைசெய்யும் சட்டம் 1990இல் நிறைவேறியது. திரும்பியவற்றுட் பல, சடங்குகளில் அணிந்து ஆடுதற்குரியவை. கலிபோர்ணியாவின் ஹூப்பா மக்களிடம் ஹாவட் பல்கலைக்கழகத்தின் பீபொடி நூதனசாலையிலிருந்து மீண்ட பொருள்களைச் சான் பிரான்சிஸ்கோவிற் சோதித்தபோது இரசமும் நத்தலீனும் டி.டி.ரி.யும் காணப்பட்டன. அரிசோனாவின் ஹோப்பி மக்களிடம் மீண்ட புனிதப் பொருள்களில் ஆசனிக்கு இருந்தது. முகத்தில் அணிவனவற்றில் நஞ்சு இருப்பின், அணிவோன் அதனைச் சுவாசிக்கவும் நேரும்.

நஞ்சிட்டமை பற்றித் தெரிந்த செய்தியைப் பெறுவோர்க்கு நூதனசாலை அறிவித்தல் வேண்டும் என 1995இல் வெளியான விதிகள் கூறின. 'தெரிந்த' என்னும் அச்சொல்லிலேயே இடர்ப்பாடு தங்கியிருந்தது. ஏடு இல்லாதவிடத்துத் தெரிந்தது யாது?

ஆகவே பொருளையே வினவ வேண்டியதாயிற்று. இறகின் அடியிலும் கண்ணோரத்திலும் வெண்பொடி காணப்படின் ஐயுறல் வேண்டும். காணப்படாமையோ நஞ்சின்மைக்குச் சான்றாகாது. கையிற் கொண்டுசெல்லத்தக்க எக்ஸ்கதிர்க் கருவி, பொருளைச் சிதைக்காமலே ஆசனிக்கையும் இரசத்தையும் காட்டிவிடும். டி.டி.ரி. போன்ற சேதனச் சேர்வைகளை அது காட்டாது. அவற்றுக்கு மாதிரி எடுத்து ஆய்கூடத்திற் சோதித்தல் வேண்டும். சோதனை முடியும்வரை பழைய தோற்பொருள் யாவற்றையும் நஞ்சூட்டியவை எனக் கொண்டு, கையுறையும் மேலங்கியும் அணிந்து கையாளுதலே முறையாகும். தூரிகையால் தூசு தட்டினால் நஞ்சு காற்றிற் கலக்கும். நுண்வடி பொருத்திய உறிஞ்சுகருவியே ஏற்றது.

ஆசனிக்கு ஒரு மூலகமாதலின் காலத்தால் அழிவதன்று. கழுவி நீக்க முயலின் இறகும் சாயமும் கெடும். மேற்பரப்புத் தூசை உறிஞ்சியெடுப்பினும் தோலின் உள்ளே ஊறியது எஞ்சியே நிற்கும். இதனால், உரிமையோடு மீட்ட பொருளை அணிவதா, அணியாது பேழையில் வைப்பதா என்ற வினாவை அம்மக்களே எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.