உரோம வீரனும் வரிவிலக்கும்

வீரனைப் போருக்கு அழைப்பது எளிது. போர் முடிந்தபின் வாளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்வதே கடினம். உரோமர் இதனை அநுபவத்தால் அறிந்தவர்கள். அவர்களுடைய குடியரசுக் காலத்திலே, படையை விட்டு விலகுபவனுக்கு இன்னது தரப்படும் என்று விதிக்கும் பொதுச் சட்டம் இருக்கவில்லை. அவனுக்குக் காணி தேடிக் கொடுப்பது சேனாதிபதியின் பாடாயிருந்தது. ஆகவே வீரனின் விசுவாசமும் அரசை விட்டுச் சேனாதிபதியின் பக்கமே சாய்ந்தது. கி.மு. 42ஆம் ஆண்டில் பிலிப்பிப் போர் முடிந்தபோது, வென்ற படைக்குக் காணி கொடுப்பதற்காக இத்தாலியின் 18 நகரங்கள் குறிக்கப்பட்டன. பரம்பரையாக உழுதவர்கள் விரட்டப்பட்டனர். அடுத்த ஆண்டே அதன் காரணமாக உள்நாட்டுப் போர் ஒன்று மூண்டது.

அந்தக் காணிப் பங்கீட்டை முன்னின்று நடத்தியவன் ஒக்டேவியன். பிற்காலத்தில் ஒகஸ்தஸ் என்று பெயர் பெற்றவனும் அவனே. நிலத்தோடு வேறொன்றையும் கொடுக்கலாம் என்பதை அவன் கண்டுகொண்டான். அதுதான் வரிவிலக்கு. இளைப்பாறிய வீரர்க்கும் அவர்தம் பெற்றோர், மனைவி, மக்களுக்கும் வரிகளிலிருந்தும் ஊர்க் கடமைகளிலிருந்தும் விலக்களித்து அவன் ஒரு கட்டளை பிறப்பித்தான். அவர்கள் விரும்பாமல் அவர்கள் வீட்டில் அதிகாரிகள் தங்குதலும் ஆகாது என்றது அக்கட்டளை. கடற்படைத் தலைவனாயிருந்து உதவிய செலூக்கஸ் என்ற சிரிய நாட்டவனுக்கு இதே சலுகை தனியாகவும் வழங்கப்பட்டது. அவனுடைய ஊராகிய ரோசஸ் நகரத்துக் கல்வெட்டு அதற்குச் சான்று.

சலுகை கொடுப்பது ஒன்று, அதற்குப் பணம் தேடுவது இன்னொன்று. கி.மு. 30இலும் 14இலும் வீரருக்கென இத்தாலியில் வாங்கிய நிலத்துக்கு ஏறக்குறைய 60 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களும், மாகாணங்களில் வாங்கிய நிலத்துக்கு 26 கோடியும் கொடுத்ததாக ஒகஸ்தஸ் தன் சாதனைப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறான். எந்தச் செல்வமும் இதற்கு ஈடுகொடாது. எனவே கி.பி. 6ஆம் ஆண்டில் படைவீரர் திறைசேரி என ஒன்றை நிறுவி, தன் சொந்தப் பணம் 17 கோடியை அதில் இட்டான். நிலத்துக்குப் பதிலாக, 20 ஆண்டு சேவை முடித்த சாதாரண வீரனுக்கு 12,000 செஸ்டர்ஸ் கையில் கொடுப்பதென ஏற்பாடாயிற்று. அது அவனுடைய பதின்மூன்று ஆண்டுச் சம்பளத்துக்குச் சற்றே மேற்பட்ட தொகை.

திறைசேரி வற்றாதிருக்க இரண்டு வரிகள் ஒதுக்கப்பட்டன. ஒன்று, ஏலத்தில் விற்கும் பொருளுக்கு நூற்றுக்கு ஒன்று. மற்றது மரணசொத்துக்கு இருபதில் ஒரு பங்கு. நெருங்கிய உறவினரும் ஏழைகளும் இதற்கு விலக்கு. நெடுங்காலம் நேர்வரியே அறியாத இத்தாலியப் பிரபுக்களுக்கு இந்த இரண்டாவது வரி வேம்பாய்க் கசந்தது. கி.பி. 13இல் செனற் சபையில் முணுமுணுப்பு முற்றியது. ஒகஸ்தஸ் சினக்கவில்லை. இந்த வரி வேண்டாமென்றால் வேறு வழி சொல்லுங்கள் என்று கேட்டான். அவர்களிடம் வழி ஒன்றும் இல்லை. அப்படியானால் வயலுக்கும் வீட்டுக்கும் வரி என்றான். எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை! சொத்துக்களைப் பதிவுசெய்ய ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் பிரபுக்கள் பழைய வரியே போதும் என்று அடங்கினர். வரி வரலாற்றில் இதனினும் சாதுரியமான காரியம் அரிது.

ஆனால் வீரனின் நிலை ஏட்டில் எழுதியவாறு இருக்கவில்லை. மறு ஆண்டில் ஒகஸ்தஸ் இறந்ததும் தன்யூப், ரைன் நதிக்கரைப் படைகள் கலகம் செய்தன. முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து உடல் தளர்ந்த பின்பும் விடுதலை இல்லை. கிடைக்கும் நிலமோ சதுப்பும் மலைச்சரிவும் என்பது அவர்கள் குறை. சேவைக்காலம் 16 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் உரோமாபுரி மக்கள் விற்பனை வரியை நீக்கும்படி கேட்டபோது, புதிய சக்கரவர்த்தி திபேரியஸ் அவ்வரியிலேதான் படைவீரர் திறைசேரி தங்கியிருக்கிறது என்று மறுத்தான். அத்துடன், வீரர் 20 ஆண்டுக்கு முன் விலகினால் அரசு தாங்காது என்று கூறி முன்னர் கொடுத்த வாக்கையும் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

சலுகை உண்டென்றாலும் அதனை நிரூபிக்க வேண்டியவன் வீரனே. எருசலேமில் நிலைகொண்டிருந்த பத்தாம் படையணியிலிருந்து விலகி, எகிப்துக்கு வந்த வலேரியஸ் குவத்ராத்தஸ் என்பவனின் மரப்பலகை இன்றும் உள்ளது. தேதி கி.பி. 94 யூலை 2. அலெக்சாந்திரியாவின் பெரிய சீசர் கோயிலில், இரண்டாம் படிவரிசை ஏறி, வலப்பக்க மண்டபத்தில், வீனஸ் சந்நிதிக்கு அருகே சுவரில் பதித்த வெண்கலத் தகட்டிலிருந்து, சாட்சிகள் முன்னிலையில் அதனை எழுதுவித்தான். டொமிஷியன் சக்கரவர்த்தி வீரர்க்கும் மனைவி, மக்கள், பெற்றோர்க்கும் சுங்கவரி முதலியவற்றிலிருந்து அளித்த விலக்கு அதில் உள்ளது. சேவைக்காலத்தில் பிறந்த தன் மூன்று பிள்ளைகளும் அப்பதிவைச் சேர்ந்தவர்கள் என்று அவன் சத்தியமும் செய்தான். தகடு இருக்கும் சுவரைக்கூட இவ்வளவு நுணுக்கமாக எழுதியது வீண்வேலையன்று. எகிப்திலே 14 வயது முதல் ஏறக்குறைய 60 வயது வரை ஆண்கள் தலைவரி இறுத்தனர். உரோமக் குடியுரிமை உடையோர்க்கு அது இல்லை. சான்றில்லாதவனின் மகன் அந்த வரிப்பட்டியலில் விழுந்துவிடக் கூடும்.

சான்று இருந்தும் அலைந்தவர் உண்டு. கி.பி. 172இல் எகிப்திய வீரன் ஒருவன் எழுதிய மனு பப்பிரசுத் தாளில் கிடைத்திருக்கிறது. விலகிய பின் ஐந்தாண்டு ஓய்வு என்பது விதி. இரண்டே ஆண்டில் ஊர்க் கடமைக்கு இழுத்துவிட்டார்கள். கிழவன், தனியாள், இனித் தாங்காது என்று அவன் முறையிடுகிறான்.  சட்ட அறிஞரும் காலப்போக்கில் சலுகையைச் சுருக்கியே பொருள் கூறினர். ஆளுக்குரிய கடமைகள் விலக்கு. காணிக்குரிய வரியோ, தெருவுக்குக் கல் பாவும் செலவோ விலக்கன்று என்றனர்.

நாலாம் நூற்றாண்டில் கொன்ஸ்தந்தைன் சக்கரவர்த்தியின் முன் வீரர்கள் கூடி, சலுகை ஒன்றும் இல்லையாயின் படையில் உழைத்ததால் பயன் யாது என்று கூவினர். அவன் வரிக்காரரை விலக்கி, அவர்களைச் சந்தையில் தீர்வையின்றி வாணிகம் செய்ய விட்டான். தரிசு நிலத்தை என்றும் இறையிலியாகக் கொடுத்தான். உழ விரும்புவோர்க்கு ஒரு சோடி எருதும் விதைக்கு நூறு மரக்கால் அளவான தானியமும் சேர்த்தளித்தான். ஆனால் அக்காலத்துச் சட்டங்கள் அவர்களின் புதல்வரையும் விடவில்லை. தந்தைக்குக் கிடைத்த விலக்குக்கு விலையாக, உடல் வலியுள்ள மகன் படையிற் சேர வேண்டும். மறுத்தால் நகரசபைச் சுமைகளைத் தலையில் ஏற்க வேண்டும். அதினின்றும் தப்புவதற்காகத் தம் விரலைத் தாமே வெட்டிக்கொண்ட இளைஞர்களும் இருந்தனர் என்று அச்சட்டங்களே கூறுகின்றன.