ஆணித் தலையும் திருகுபுரியும்: ஒரு மொறிஸ் மைனர் தரும் சான்று

கல்வெட்டும் செப்பேடும் ஓலையுமே வரலாற்றுச் சான்றுகள் எனக் கருதுவோர் இன்றும் நம்மிடையே உளர். 'போல்ற்' என நாம் வழங்கும் சுரையாணியும் அவ்வரிசையில் வைத்து எண்ணற்பாலது என்பதை, கட்டுகஸ்தோட்டையில் நண்பர் ஒருவர் புதுப்பித்துவரும் 1951ஆம் ஆண்டு மொறிஸ் மைனர்க் கார் எனக்கு உணர்த்திற்று.

எஞ்சினில் ஓர் ஆணி காணாமற் போயிருந்தது. கண்டி நகரில் வாங்கிய ஆணி பருமனில் ஒத்திருந்தது; நான்கைந்து சுற்று எளிதாக இறங்கியும் விட்டது. பின்னர் இறுகியது. ஸ்பனரை வலிந்து திருப்பியபோது வார்ப்பிரும்பிலிருந்த புரி பொடிந்து வெளிவந்தது. பிழை ஆணியினது அன்று. அதன் வரலாற்றை அறியாத எங்களதே.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பட்டறைக்கு ஒரு புரி வழங்கிற்று. யோசப் விட்வேர்த் 1841இல் புரியின் கோணம் 55 பாகை எனவும், ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரி எனவும் வரையறுத்தார். கோப்பித் தோட்டப் பொறிகளும், 1867இல் கண்டியை எட்டிய புகையிரதமும் பிரித்தானியத் தொழிற்கலையையே இம்மலைநாட்டுக்குக் கொணர்ந்தன. அமெரிக்காவிலோ வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகையை முன்மொழிந்தார். இவ்விரண்டும் பொருந்தாமை இரண்டாம் உலகப் போரிற் பெருந்தொல்லை விளைத்தமையால், 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் பொதுப்புரி ஒன்றுக்கு உடன்பட்டன.

அவ்வாண்டிலேயே அறிமுகமான மொறிஸ் மைனரின் முதல் எஞ்சினில் இவற்றுள் எதுவும் இல்லை என்பதே வியப்பு. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரெஞ்சு ஆயுத நிறுவனமான ஹொட்ச்கிஸ் இங்கிலாந்தின் கொவென்றியில் ஆலை நிறுவியது. போரின் பின் மொறிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்த அவ்வாலையை வில்லியம் மொறிஸ் 1923இல் வாங்கினார். அங்கிருந்த பொறிகள் மில்லிமீற்றர்ப் புரியே வெட்டுவன. அவற்றை மாற்றுதல் பெருஞ்செலவு. ஆயின் ஆங்கிலப் பொறிவினைஞர் கையிலிருந்தது விட்வேர்த் ஸ்பனர். எனவே ஆணியின் தலை ஆங்கில அளவாகவும் உடல் பிரெஞ்சு அளவாகவும் அமைந்தன. 1952 தொடக்கம் ஒஸ்ரின் வழிவந்த எஞ்சின் இடம்பெறும்வரை மைனரில் இக்கலப்பு நீடித்தது.

ஆகவே தலையிற் பொருந்தும் ஸ்பனரைக் கொண்டு புரியைத் துணிதல் ஆகாது. விட்டமும் முழுச்சான்று அன்று. 5/16 அங்குலம் 7.94 மில்லிமீற்றர், தேய்ந்த 8 மில்லிமீற்றர் ஆணியை அதனின்றும் பிரித்தறிதல் அரிது. புரியிடைத் தூரமே உண்மை பகரும். நாங்கள் வாங்கியது அங்குலத்துக்கு 24 புரி கொண்ட பொதுப்புரி ஆணி. அதன் இடைத்தூரம் 1.058 மில்லிமீற்றர். துளையினதோ சரியாக 1 மில்லிமீற்றர். ஒரு புரியில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எட்டுப் புரிகளை அளந்தால் 8.47, 8.00 என ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் விலகும். முதற் சுற்றுகள் ஏமாற்றியமைக்குக் காரணம் இதுவே. கால் அங்குல விட்வேர்த்தும் பருமட்டான பொதுப்புரியும் ஒருங்கே அங்குலத்துக்கு 20 புரி உடையன. ஆங்கே எண்ணிக்கையும் உதவாது. மண்ணெண்ணெயிற் கழுவிய ஆணியில் புரிமானியின் தகட்டைப் பதித்து, வெளிச்சத்துக்கெதிரே பிடித்துக் கோணத்தை நோக்கல் வேண்டும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், கிடைத்ததைக் கொண்டு கார்களை ஓட்டவைத்த நம் கராஜ்காரரைக் குறை கூறுதல் தகாது. நண்பரின் காரிலும் மூன்று வகைப் புரிகள் கண்டோம். அவற்றுட் சில, கடுகண்ணாவை ஏற்றத்தில் இக்காரைப் பல்லாண்டு காத்தவையாதலும் கூடும்.

பழுதுற்ற துளையை அகலித்து, உள்ளே புரியிட்ட சிறு குழலொன்றைப் பொருத்தினோம். 8 மில்லிமீற்றர் ஆணி ஒன்றைக் கடைசற் பட்டறையிற் செய்வித்தோம். தலையை இக்கால மில்லிமீற்றர் அளவில் அமைக்கலாமே என்றார் கடைசற்காரர். நண்பர் இசையவில்லை, விட்வேர்த் அளவே வேண்டுமென்றார். கூலி சற்று மிகுந்தது. எனினும் அவர் செய்தது சரியென்றே எண்ணுகிறேன்.