தாய்சேய் நலத் தாதியர் பயிற்சி: தோட்டத்து மருத்துவச்சி முதல் கிளினிக் டெசா வரை

ஈப்போ - நம் பேச்சு வழக்கில் அவர் 'மிஸ்ஸி'. அரசாங்க ஏடுகளில் 'ஜுருராவாட் மஸ்யாராக்காட்', அதாவது சமூகத் தாதி. கர்ப்பிணியின் பிங்க் புத்தகத்தில் எடையும் இரத்த அழுத்தமும் எழுதுபவர் அவர். பிரசவமான சில நாள்களில் வீட்டு வாசலில் வந்து நின்று, குழந்தையின் உடம்பில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவரும் அவரே.

பட்டதாரித் தாதியோ டிப்ளோமா தாதியோ அல்லாத இந்தச் சான்றிதழ் நிலைத் தாதியரின் கைகளில்தான் நாட்டின் தாய்சேய் நலச் சேவையின் அடித்தளம் இருக்கிறது. அவர்களின் பயிற்சி எப்படி உருவானது, அதில் என்ன கற்பிக்கப்படுகிறது, பேராவின் முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்கு அது ஏன் முக்கியம் என்பதை இங்கே காண்போம்.

கிராமத்துக்கு ஒரு வழி, தோட்டத்துக்கு ஒரு வழி

1950களில் அன்றைய மலாயா அரசாங்கம் கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. அது மூன்றடுக்கு முறை. 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக். மருத்துவச்சி கிளினிக்கிலேயே குடியிருந்து வேலை பார்த்தார். இப்பணியாளர்களை உருவாக்குவதில் கெடா, ஜித்ராவில் அமைந்த கிராமச் சுகாதாரப் பயிற்சிப் பள்ளிக்கு முக்கியப் பங்குண்டு.

சுதந்திரத்தை ஒட்டி, 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் என்பது பேரா மக்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

ஆனால் இத்திட்டம் முதன்மையாகக் கிராமங்களை நோக்கியது. தோட்டம் தனியார் நிலம். அங்கே மருத்துவம் நிர்வாகத்தின் பொறுப்பு. குடியேற்ற ஆட்சிக் காலத் தொழிலாளர் சட்டங்களின்படி தோட்ட மருத்துவமனைகள் உருவாயின. அவற்றை நடத்தியவர் 'டிரஸர்' என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர். அவர்களைப் பதிவு செய்ய 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. பிரசவம் பெரும்பாலும் லயத்து வீட்டில், அனுபவத்தால் கற்ற மருத்துவச்சிப் பாட்டியின் கையில் நடந்தது. பால்மரம் வெட்டப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்.

1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம் இந்த நிலையை மாற்றியது. பதிவு பெறாதவர் பிரசவம் பார்ப்பதற்குத் தடை வந்தது. ஏற்கெனவே இத்தொழிலில் இருந்த பாரம்பரிய மருத்துவச்சிகள் தங்களைப் பதிந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. சுத்தம், தொப்புள்கொடியை வெட்டும் முறை, ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன.

1970களில் மூன்றடுக்கு முறை இரண்டடுக்காக மாறியது. 15,000 முதல் 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம், 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டெசா. பிரசவம் மட்டுமே பார்த்து வந்த மருத்துவச்சிகளுக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, தடுப்பூசி, குழந்தை வளர்ச்சி, குடும்பத் திட்டம் ஆகியவற்றையும் பார்க்கும் கிராமத் தாதியராக உயர்த்தினார்கள். இன்றைய சமூகத் தாதியின் பணி அதிலிருந்து வளர்ந்ததே.

இதன் பலனை எண்களில் காணலாம். 1957இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தனர். 1970இல் அது சுமார் 140 ஆகக் குறைந்தது. 2020இல் ஏறக்குறைய 25. கோவிட் பெருந்தொற்றின்போது, 2021இல் மட்டும் அது 68 ஆக எகிறியது. சாலை, கல்வி, இரத்த வங்கி என்று இந்த வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. பயிற்சி பெற்ற தாதியர் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது அவற்றுள் முதன்மையானது.

நான்கு நிறங்கள்

சமூகத் தாதியின் பயிற்சியில் முக்கியமான பாடம், தன் எல்லையை அறிவது. எந்தக் கர்ப்பிணியைத் தானே பார்க்கலாம், யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய நிறக் குறியீட்டு முறை உதவுகிறது. 1980களின் இறுதியிலிருந்து இது நடைமுறையில் உள்ளது.

வெள்ளை: பெரிய ஆபத்துக் காரணிகள் இல்லை, தாதி கவனிக்கலாம்.
பச்சை: சுகாதார நிலையத்தின் மருத்துவர் பார்க்க வேண்டும்.
மஞ்சள்: மருத்துவமனைக்கோ நிபுணரிடமோ அனுப்ப வேண்டும்.
சிவப்பு: வலிப்பு, கடும் இரத்தப்போக்கு போன்ற நிலை, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஒட்டிய நிறம் நிரந்தரமானதல்ல. ஒவ்வொரு வருகையிலும் தாதி மறுபடி மதிப்பிட வேண்டும். சென்ற மாதம் வெள்ளையாக இருந்தவர், இன்று இரத்த அழுத்தம் ஏறியதால் வேறு நிறத்துக்கு மாறலாம். தெற்காசிய வம்சாவளிப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இனிப்பு நீர் குடிக்க வைத்துச் செய்யும் இரத்தச் சோதனையை நம் பெண்கள் தள்ளிப்போடக் கூடாது.

1991 முதல் நாட்டில் நிகழும் தாய் மரணங்கள் இரகசிய ஆய்வு முறையில் ஆராயப்படுகின்றன. யார் மீது குற்றம் என்று தேடாமல், எங்கே தவறியது என்று பார்ப்பதே இதன் நோக்கம். அதில் கிடைக்கும் பாடங்கள் தாதியர் பயிற்சிக்குத் திரும்பி வருகின்றன. பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கும் உயர் இரத்த அழுத்தமும் பயிற்சியில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

பச்சிளங்குழந்தையின் முதல் நிமிடம்

பிறந்த குழந்தை தானாக மூச்சுவிடாவிட்டால், முதல் நிமிடத்துக்குள் செயல்பட வேண்டும். உடலைத் துடைத்து, சூடு குறையாமல் காத்து, மூச்சுப் பாதையைச் சரிசெய்து, தேவைப்பட்டால் முகமூடிப் பையால் காற்று செலுத்த வேண்டும். இதற்கான தேசியப் பயிற்சித் திட்டம் 1996இல் மலேசியாவில் தொடங்கியது. இது புத்தகத்தைப் படித்துத் தேறும் பாடமல்ல. பொம்மை உடலில் கை பழகும்வரை செய்து பார்க்க வேண்டும். நாள்பட்டால் கைப்பழக்கம் மறந்துவிடும் என்பதால் மறுபயிற்சியும் அவசியம்.

தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடும் தைராய்டு குறைபாடும் சோதிக்கப்படுகின்றன. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தையின் துணிகளுக்கு இடையே அந்துருண்டை வைத்தால் இரத்த அணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகலாம். காமாலை எல்லை மீறினால் மூளை பாதிக்கப்பட்டு, காது கேளாமையோ வாழ்நாள் ஊனமோ ஏற்படலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதுமே அவசர நிலை. குழந்தையை வெயிலில் காட்டுவது இதற்கு மருந்தாகாது.

தாய்வீடு சென்றால் தகவல் கொடுங்கள்

பிரசவத்துக்குப் பின் 1, 2, 3, 4, 6, 8, 10, 20ஆம் நாள்களில் தாயையும் சேயையும் பார்ப்பது நெடுங்கால வழக்க அட்டவணை. முதல் சில நாள்கள் மருத்துவமனையில் கழிந்தால், மீதி வீட்டில். காமாலை கூடுவதும், தாய்க்குக் காய்ச்சல், இரத்தப்போக்கு, மன வாட்டம் தொடங்குவதும் பெரும்பாலும் இக்காலத்தில்தான்.

இந்தச் சங்கிலி அறுந்துபோக நம் வழக்கம் ஒன்று காரணமாகலாம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். ஈப்போவில் பதிந்தவர், பிள்ளை பெற்றதும் சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ இருக்கிறார். தாதி பழைய முகவரிக்குப் போய்த் திரும்புகிறார். தோட்டம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறி, வாடகைக்கு வாடகை வீடு மாறும் குடும்பங்களுக்கும் இதே நிலை. தோட்டத்தில் டிரஸருக்கு எந்த லயத்தில் யார் முழுகாமல் இருக்கிறார் என்று தெரியும். இப்போது நாமே சொன்னால்தான் தெரியும். எங்கே தங்கப் போகிறோம் என்பதைப் பதிந்த கிளினிக்கில் முன்கூட்டியே தெரிவித்தால், அவர்கள் அந்த வட்டார கிளினிக்குக்குத் தகவல் அனுப்புவார்கள்.

சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றுவது, பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றைத் தாதியர் தடுப்பார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். எண்ணெய் தடவுவதையும் தாலாட்டையும் யாரும் தடுப்பதில்லை. இதைப் பாட்டிமாரின் மொழியில், அவர்கள் மனம் கோணாமல் சொல்லக்கூடிய தமிழறிந்த தாதியின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

சேர விரும்புவோர் கவனத்திற்கு

சமூகத் தாதியாக எஸ்.பி.எம். தகுதி அடிப்படை. மலாய் மொழி, கணிதம், அறிவியல் பாடங்களில் தேர்ச்சி முக்கியம். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் வகுப்பறைப் பாடத்தோடு மருத்துவமனை, கிளினிக், வீட்டு வருகை என நேரடிப் பயிற்சியும் உண்டு. பின்னர் மேற்பயிற்சி பெற்றுப் பதவி உயர வழியும் இருக்கிறது. பிரசவக்காலப் பராமரிப்பு என்ற பெயரில் தனியார் நடத்தும் குறுகிய வகுப்புகளின் சான்றிதழ், பிரசவம் பார்க்கும் உரிமையைத் தராது. பணம் கட்டும் முன் அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாறும். பொதுச் சேவை ஆணையத்தின் அகப்பக்கத்தைப் பார்த்து விண்ணப்பிப்பது நல்லது. எஸ்.பி.எம். முடிவு வந்த வீட்டில் பெண்பிள்ளை இருந்தால், இச்செய்தியை அவரிடம் காட்டுங்கள்.