கறுப்பு வெள்ளையில் ஒரு பூச்சாடி

2019 ஜனவரியில் ஃப்ளாரன்ஸ் நகரின் பிட்டி அரண்மனையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாட்டப்பட்டது. அதன்மீது இத்தாலிய, ஆங்கில, ஜெர்மானிய மொழிகளில் ஒரே சொல்: ‘திருடப்பட்டது’. அதை மாட்டியவர் அருங்காட்சியக இயக்குநர் ஐக் ஷ்மிட். அவரும் ஜெர்மானியரே.

படத்தில் இருந்தது டச்சு ஓவியர் யான் வான் ஹய்சம் தீட்டிய பூச்சாடி. 1824-இல் இரண்டாம் லியோபோல்ட் கோமகன் அரண்மனைக்கென வாங்கியது. உலகப்போர் மூண்டபின், 1940-இல், பாதுகாப்புக்காக அங்கிருந்து அகற்றப்பட்டது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதைப் பிற பொருட்களோடு வடக்கே கொண்டுசென்றது. வழியில் ஒரு சிப்பாய் அதைத் தன் மனைவிக்குப் பரிசாக ஊருக்கு அனுப்பிவிட்டான்.

நாஜிக் கொள்ளை என்றதும் ஹிட்லரும் கோரிங்கும் சேர்த்த குவியல்களே நம் நினைவுக்கு வருகின்றன. இதுவோ ஒரு வீட்டுச் சுவரின் கதை. அவன் அன்பு பொய்யல்ல. கொடுத்த பொருள் அவனுடையதல்ல.

ஜெர்மனி ஒன்றிணைந்தபின் ஓவியம் இருக்குமிடம் தெரியவந்தது. திருப்பித்தர இடைத்தரகர்கள் பலமுறை பணம் கேட்டதாக அருங்காட்சியகம் கூறியது. முப்பது ஆண்டுகள் கழிந்தால் பொருளை மீட்கும் உரிமை ஜெர்மானியச் சட்டப்படி காலாவதியாகிவிடும். போர்க்காலக் களவுக்கு அவ்விதி பொருந்தக்கூடாது என்று ஷ்மிட் தம் நாட்டைக் கேட்டுக்கொண்டார்.

2019 ஜூலை 19 அன்று, ஜெர்மானிய வெளியுறவு அமைச்சர் முன்னிலையில், ஓவியம் பிட்டி அரண்மனைக்குத் திரும்பியது. சட்டம் கைவிட்ட வழக்கை ஒரு புகைப்படமும் மூன்று சொற்களும் வாதாடி வென்றன. தன்னவர் செய்த களவைத் தன் மொழியிலும் எழுதிவைக்க ஒருவர் துணிந்ததே அதன் தொடக்கம்.