நேர்முகப் பரீட்சைக்கு எதை உடுத்துவது?



"ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம்மவர் சொல்வதுண்டு. உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால், இந்தப் பழமொழியின் இரண்டாவது பாதிதான் முதலில் விழித்துக்கொள்கிறது. படித்த படிப்பு சான்றிதழ்களில் இருக்கிறது. அதை இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியது உடுப்பு ஒன்றுதான். அண்ணனின் காற்சட்டை இடுப்பில் நிற்குமா, பக்கத்து வீட்டு அக்காவிடம் சேலை இரவல் கேட்கலாமா, சப்பாத்து இல்லாமல் செருப்போடு போனால் என்ன நினைப்பார்களோ என்று வீடே கூடி ஆராயத் தொடங்கிவிடும்.

இது சில்லறை விடயம் என்று ஒதுக்குவோரும் உண்டு. வரலாற்றைப் புரட்டும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேசைக்கு அப்பால் இருப்பவர் முதலாவது கேள்வியைக் கேட்பதற்கு முன்பே உடுப்பு ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலை நமக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? அதைத்தான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நமது நாட்டில் ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் கைகோத்துக்கொண்டு வந்தன. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கொழும்புக் கந்தோர்களுக்கும், கடல் தாண்டி மலாயாவுக்கும் கிளாக்கர் வேலை தேடிப் போயினர். அக்காலத்துப் பெரியவர்களின் பழைய புகைப்படங்களை நான் ஆர்வத்தோடு பார்ப்பதுண்டு. மேலே பொத்தான் பூட்டிய கோட்டு, கீழே வேட்டி, தலையிலே தலைப்பாகை. இடுப்புக்கு மேலே கந்தோர், இடுப்புக்குக் கீழே வீடு! இரண்டையும் ஒரே உடம்பில் சமாதானப்படுத்திக்கொண்ட மனிதர்கள் அவர்கள். காலப்போக்கில் கந்தோர் கீழே இறங்கியது. வேட்டி இருந்த இடத்துக்குக் காற்சட்டை வந்தது. தலைப்பாகை சொல்லாமற் கொள்ளாமல் விடைபெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தப் போக்கைக் கண்டு மனம் வருந்தியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் தலைமை தாங்கிய இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கம், ஐரோப்பியரின் பழக்கங்களையும் உடையையும் சிந்தியாமற் பின்பற்றுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. பொருந்துமா என்று சிந்திக்கவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நாமோ கழுத்துப்பட்டியைக்கூடச் சிந்தியாமல் ஏற்றுக்கொண்டோம். அது பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போர்த் தொழில் செய்ய வந்த குரோஷியப் படைவீரர்களின் கழுத்துத் துணியிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு மொழியில் அதற்குள்ள பெயரே அந்த மக்களின் பெயரிலிருந்து வந்ததுதான். கூலிக்குப் போர் புரிந்தவனின் துணி, கொழும்பு வெயிலில் தகைமையின் அடையாளமாகிவிட்டது!

இனி ஒரு மனிதரின் கதைக்கு வருவோம். 1893ஆம் ஆண்டு மே மாதம், ஒரு வழக்கு வேலையாகத் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் வந்திறங்கினார் 23 வயது இளம் பாரிஸ்டர் ஒருவர். அவரை வரவழைத்த வர்த்தகர் தாதா அப்துல்லா, வந்த இரண்டொரு நாளில் நீதிமன்றத்தைக் காட்ட அழைத்துச் சென்றார். நீதவான் இளைஞரின் தலைப்பாகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைக் கழற்றும்படி சொன்னார். இளைஞர் மறுத்து வெளியேறினார். அவர்தான் மோகன்தாஸ் காந்தி.

இத்தகைய தொல்லை வேண்டாம், இனி ஆங்கிலத் தொப்பியே போட்டுக்கொள்ளலாமா என்று அவர் யோசித்தார். அப்துல்லா தடுத்தார். அப்படிச் செய்தால் தலைப்பாகைக்காக நிற்கும் ஏனைய இந்தியரின் நிலை பலவீனமாகும் என்றார். அத்தோடு, ஆங்கிலத் தொப்பி போட்டால் காந்தியை ஹோட்டல் பரிசாரகர் என்றே எண்ணுவார்கள் என்றும் சொன்னார். அந்த ஊரில் அந்தத் தொப்பியைப் போட்டவர்களிற் பலர் அந்த வேலை செய்த இந்தியக் கிறிஸ்தவர்கள். கனவான் ஆகலாம் என்று நினைத்துப் போடும் தொப்பி ஊருக்கு ஊர் வேறு பொருள் தருகிறது என்பதைக் கவனியுங்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 1894ஆம் ஆண்டு செப்டெம்பரில் நேட்டால் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய அதே காந்தி விண்ணப்பித்தார். தொழில் செய்ய அனுமதி கேட்டு நிற்பதும் ஒருவகை நேர்முகப் பரீட்சைதானே? சட்டச் சங்கம் எதிர்த்தது. நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. சத்தியப் பிரமாணம் செய்து முடிந்ததும் பிரதம நீதியரசர் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். வழக்கறிஞருக்குரிய உடை விதிக்கு அவரும் அமைய வேண்டும் என்றார். இம்முறை காந்தி கழற்றினார். அப்துல்லாவுக்கும் நண்பர்களுக்கும் இது பிடிக்கவில்லை. பெரிய போராட்டங்களுக்காகத் தமது பலத்தைச் சேமிக்க விரும்பியதாகக் காந்தி தமது சுயசரிதையில் விளக்குகிறார்.

அதே தலை, அதே தலைப்பாகை. பதில் மட்டும் இரண்டு. முதலாவது முறை கேட்கப்பட்டது ஓர் இனத்தவரைத் தாழ்த்தும் அடையாளம் என்றும், இரண்டாவது முறை கேட்கப்பட்டது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் பொதுவான விதி என்றும் நான் பொருள் கொள்கிறேன். உடுப்பைப் பற்றி முடிவெடுக்கும் எவரும் முதலில் பிரித்தறிய வேண்டிய வேறுபாடு இது.

ஆனால் அந்த வேறுபாடு மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணத்திலே பிறந்து, இலங்கை முஸ்லிம்களிடையே முதலாவது அத்துவக்காத்தாக உயர்ந்தவர் எம். சி. அப்துல் காதர். 1905ஆம் ஆண்டு அவர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இங்கும் தொழிலின் பொது விதி என்றே சொல்லப்பட்டிருக்கும். அப்துல் காதரோ தொப்பியைக் கழற்றவில்லை. தலையை மூடியிருப்பதே மரியாதை என்பது அவரது மரபு. சமூகம் அவர் பின்னால் நின்றது. அவ்வாண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடிக் கண்டனம் தெரிவித்தது. இறுதியில் நீதிமன்றம் இறங்கி வந்து தொப்பிக்கு இடங்கொடுத்தது. ஒருவர் கழற்றி வைக்கக்கூடியதை இன்னொருவரால் கழற்றி வைக்க முடியாது. அந்த எல்லையை மேசைக்கு அப்பால் இருப்பவர் தனித்து வகுத்துவிட முடியாது.

அந்தத் தொப்பியின் பிறந்தகத்துக் கதையும் சுவையானது. 1829ஆம் ஆண்டில் துருக்கிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத், பழைய தலைப்பாகையை விட்டு இந்தத் தொப்பியை அணியும்படி தம் அரசாங்க உத்தியோகத்தருக்குக் கட்டளையிட்டார். 1925ஆம் ஆண்டில் முஸ்தபா கமாலின் ஆட்சி அதே தொப்பியைத் தடைசெய்து, உத்தியோகத்தர் ஐரோப்பியத் தொப்பியே போட வேண்டும் என்று சட்டம் செய்தது. நூறு ஆண்டுக்குள் ஒரே தொப்பி இஸ்தான்புல்லில் கட்டாயமாயிற்று, பின்பு குற்றமாயிற்று. இடையில் கொழும்பிலே உரிமையாயிற்று. "தகுந்த உடை" என்பது கல்லில் எழுதிய எழுத்தல்ல.

தெரிவு செய்ய உடுப்பே இல்லாதவனின் நிலை என்ன? 1910ஆம் ஆண்டின் இறுதியில், நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவைப் பார்க்க ஓர் இளைஞர் போனார். குட்டையான, பருத்த உருவம், முகம் மழிக்கப்படவில்லை, உடை அவ்வளவு சுத்தமில்லை, கக்கத்தில் நைந்துபோன குறிப்புப் புத்தகம், ஆனால் கண்கள் மட்டும் ஒளிவிட்டன. இப்படித்தான் ராவ் பின்னாளில் அவரை நினைவுகூர்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடர வயிற்றுப்பாட்டுக்குச் சிறிது போதும் என்றார் அவர். ராவ் உடனே நம்பிவிடவில்லை. ஆயினும் புத்தகத்தைப் பார்த்தார், திரும்பவும் வரவிட்டார், திரும்பவும் கேட்டார். பின்பு மாதம் 25 ரூபா தம் கையிலிருந்து கொடுத்துவந்தார். 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த இளைஞருக்குச் சென்னைத் துறைமுகக் கந்தோரில் 30 ரூபாச் சம்பளத்தில் கிளாக்கர் வேலை கிடைத்தது. அவர்தான் கணித மேதை இராமானுஜன். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும்போது அவரது குடுமியை வெட்டி ஐரோப்பிய உடையும் அணிவித்துத்தான் அனுப்பினார்கள். அந்த உடையால் அவர் கணக்கு ஒன்றும் கூடவில்லை. நெல்லூரில் கலெக்டர் உடுப்போடு நின்றிருந்தால், உலகம் எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அழுக்குடை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கும் ஒரு பரீட்சை உண்டு என்றே சொல்கிறேன். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் இதை ஒருவாறு உணர்ந்துகொண்டன. 1970களிலிருந்து அங்கே பல குழுக்கள் வாத்தியக்காரரைத் தெரிவு செய்யும்போது நடுவே திரை கட்டத் தொடங்கின. வாசிப்பவரின் முகமும் உடையும் நடுவருக்குத் தெரியாது. இசை மட்டுமே கேட்கும். ஆனால் குதி உயர்ந்த சப்பாத்தின் ஒலி, வருபவர் பெண் என்று காட்டிக்கொடுத்தது. எனவே சில இடங்களில் நடந்து வரும் வழியிலே கம்பளமும் விரித்தார்கள்! ஒரு சோடிச் சப்பாத்தின் சத்தமே தீர்ப்பைச் சாய்க்கும் என்றால், முழு உடுப்பு எவ்வளவு சாய்க்கும்?

நமது நாட்டுக்குத் திரும்புவோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்த 2019ஆம் ஆண்டில், அரசாங்கக் கந்தோர்களில் பெண் உத்தியோகத்தர் சேலை அல்லது கண்டியச் சேலை அணிய வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வந்தது. அபாயா அணிந்து நெடுங்காலம் கடமையாற்றிய பெண்கள் வாசலிலே திகைத்து நின்றார்கள். ஆட்சேபங்கள் எழ, சில வாரங்களில் அது திருத்தப்பட்டது. 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடி மக்களை வாட்டிய வேளையில், உத்தியோகத்தர் வசதியான, கண்ணியமான உடையில் வரலாம் என்று இன்னொரு சுற்றுநிருபம் வந்தது. மூன்றே ஆண்டுகளில் இரண்டு விதிகள். முதலாவதை எழுதியது அச்சம். இரண்டாவதை எழுதியது வெறுங்கை. கோப்புகளைப் பார்க்கும் வேலையோ இரண்டு காலத்திலும் ஒன்றாகவே இருந்தது.

ஆதலால், நேர்முகப் பரீட்சைக்குப் போகும் தம்பி தங்கையருக்கு நான் சொல்வது இதுதான். துவைத்து, மடிப்புக் கலையாமல், உட்கார்ந்து எழும்ப இடைஞ்சலில்லாத உடுப்பாக உடுத்துங்கள். அந்த வேலைக்குரிய பொதுவிதி ஏதும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதைப் புறப்படுவதற்கு முதல்நாளே வீட்டிலிருந்து தீர்மானித்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று தீர்மானிக்க நேரம் இராது. இரவல் உடுப்பானாலும் வெட்கமில்லை. ஆனால் அதற்காகக் கடன்பட வேண்டாம்.

மேசைக்கு அப்பால் அமர்வோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முன்னால் வந்து இருப்பவரின் சேட்டுக் கழுத்து நைந்திருக்கலாம். சேலை அவர் உடம்புக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பார்த்ததாகவே இருக்கட்டும். அதன் பின் அவர் கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.