சொந்தக் கைப்பேசியில் உயர்கல்வி: கருவியின் செலவை யார் ஏற்பது?

மாணவர்கள் தம் சொந்தக் கைப்பேசியையோ மடிக்கணினியையோ கொண்டு கற்கும் முறை ‘பி.ஒய்.ஓ.டி.’ என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் இது முறையாக அறிவிக்கப்படாமலேயே நடைமுறையாகிவிட்டது. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பாடக்குறிப்பும் ஒப்படைப்பும் தேர்வு அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் கூகுள் கிளாஸ்ரூமுக்கும் சென்றன. வகுப்பறைகள் திறந்த பின்னும் அவற்றுள் பல அங்கேயே நிலைத்துவிட்டன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ தளத்தின் வழியே பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இடமளித்தது. ஆனால், அதற்கான கருவியை வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் மாணவரின் குடும்பத்தின் மீதே விழுகிறது.

பார்ப்பது வேறு, செய்வது வேறு

2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டிடமும் நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 விழுக்காட்டிடமுமே கணினி இருந்தது. இணைய வசதி முறையே 14.9, 42 விழுக்காடு. அதன்பின் திறன்பேசி பரவலாகியுள்ளது. எனினும், கைப்பேசியில் விரிவுரையைக் காணலாமேயன்றி, நிரல் எழுதவும் ஆய்வேடு தட்டச்சிடவும் அச்சிறுதிரை போதாது. கைப்பேசி மட்டுமே உள்ள மாணவரும் கணினி உள்ள மாணவரும் ஒரே ஒப்படைப்பைச் செய்யும்போது, மதிப்பெண் அளப்பது அறிவை மட்டுமன்று, குடும்பத்தின் உடைமையையும்தான்.

உதவித்தொகைக் கணக்கு

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 2021இல் திருத்தியமைக்கப்பட்டது. அதன்படி, வீட்டிலிருந்து சென்று பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்பு பயிலும் மாணவருக்குரிய கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்திற்கு 250 ரூபாய். நாள்தோறும் காணொளி வகுப்பு காண்பவருக்கு ஒரு மாத ரீசார்ஜுக்கே அது போதாது. புத்தகமும் பயணமும் பழுதான கைப்பேசியும் இக்கணக்கில் சேரவே இல்லை.

குழுவில் வெளிப்படும் சாதி

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், யார் எந்தப் பிரிவினர் என்பது நொடியில் அனைவருக்கும் தெரிந்துவிடும். மாணவரின் சாதியை வகுப்பில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ அறிவிப்பதை மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் பாகுபாடாகக் கருதின. கரும்பலகைக்குப் பொருந்தும் அந்நெறி கைப்பேசித் திரைக்கும் பொருந்த வேண்டும்.

சலுகையா, உரிமையா?

மகளிர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசிக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்த ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது, இடையில் நின்றது. 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு அறிவிக்கப்பட்டது, அதுவும் நான்கு மாதங்களுக்கே. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகளை அறிவித்தது. இவை பயனுள்ளவை, ஆயினும் அரசின் விருப்பத்தைச் சார்ந்து வருவதும் நிற்பதும் உரிமையாகாது.

ஆகவே, மாணவர் அமைப்புகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. கருவியைக் கட்டாயமாக்கும் கல்லூரியே அதைக் கடனாக வழங்க வேண்டும். கணினி ஆய்வகமும் விடுதி இணையமும் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். கல்விப்படியில் தரவுச் செலவு தனியே சேர்க்கப்பட வேண்டும். கருவி இல்லாமை வருகைப்பதிவையோ மதிப்பெண்ணையோ குறைக்கும் காரணமாகக் கூடாது.